சாட்சிச் சொல்: அலோனும் நமது மணவாழ்த்துரைகளும்

1

நமது கலியாண மண்டபங்களில் யாருமே காதுகொடுத்துக் கேட்காத பேச்சு எது என்றால், மணமக்களை வாழ்த்தும் பேச்சு என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் இதே நிலைதான். ஒலிவாங்கியைக் கையில் எடுப்பவர் முதலில் தமது சங்கத்தின் பெயரைச் சொல்கிறார். பின்னர் ஒரு குறள், அதன் பின்னர் பதினாறு செல்வங்கள், கடைசியாக மணமகளுக்கு மட்டும் சில அறிவுரைகள். பிள்ளைகள் கதிரைகளுக்கிடையே ஓடித் திரிகிறார்கள். வீடியோக்காரர் விளக்கை அணைத்துவிட்டு இளைப்பாறுகிறார். மணமக்கள் சிரித்தபடி நிற்கிறார்கள், ஆனால் பேசப்படுவதில் பாதி அவர்களுக்கு விளங்குவதில்லை. ஐந்து வருடம் கழித்து அன்று யார் என்ன பேசினார் என்று கேட்டால், பேசியவருக்கே நினைவிருக்காது.

இதைக் கேலி செய்துவிட்டுப் போவது எளிது. ஆனால் தமிழரிடையே இந்தப் பேச்சுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. சடங்கு இல்லாத இடத்தில் சடங்காக நின்ற காலமும் அதற்கு இருந்தது. அதன் பொருட்டு நீதிமன்றத்தில் வழக்காடியிருக்கிறார்கள், சட்டசபையில் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். அந்த வரலாற்றை இங்கே ரங்கூனின் அலோன் பகுதியில் நின்றுகொண்டு பார்க்க விரும்புகிறோம். நமக்கு முன்னரே கடல் கடந்து, நமக்கு முன்னரே சிதறடிக்கப்பட்ட தமிழர் வாழ்ந்த நகரம் அது. அவர்களுக்கு நேர்ந்தவற்றில் பல பின்னர் நமக்கும் நேர்ந்தன.

2

அலோன் ரங்கூன் நகரின் மேற்கே, ஆற்றங்கரையோரம் அமைந்த பகுதி. ஆங்கிலேயர் காலத்தில் அந்தக் கரை மர ஆலைகளுக்குப் பேர்போனது. மேல்நாட்டுக் காடுகளில் வெட்டப்பட்ட தேக்கு ஆற்றில் மிதந்து வந்து இத்தகைய கரைகளில்தான் அறுக்கப்பட்டது. நகரைச் சுற்றி ஓடும் வட்டப் புகையிரதப் பாதையில் அலோன் வீதி என்றொரு நிலையம் இன்றும் உண்டு. கரேன் மக்கள் வாழ்ந்த பகுதியும் அலோனில் இருந்தது. 1949-இன் தொடக்கத்தில், உள்நாட்டுப் போர் வெடித்தபோது, அந்தக் குடியிருப்பு எரிக்கப்பட்டது. ஆகவே வீடிழந்து வெளியேறுவது எப்படியிருக்கும் என்பதை அறிந்தவர்கள் அங்கே தமிழர் மட்டுமல்லர்.

1931-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ரங்கூனில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். பர்மா முழுவதிலும் இந்தியர் தொகை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் மர ஆலைகளிலும் உடலால் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தெலுங்கர், தமிழர், ஒரியர். வட்டித் தொழிலில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இருந்தார்கள். கணக்கெழுதவும் அலுவலகங்களில் வேலை செய்யவும் படித்த தமிழர் வந்தார்கள். வந்தவர்களில் ஆண்களே மிகுதி. மனைவியும் பிள்ளைகளும் இராமநாதபுரத்திலோ தஞ்சாவூரிலோ இருப்பார்கள். தங்கைக்குக் கலியாணம் என்றால் அண்ணன் ரங்கூனிலிருந்து பணம் அனுப்புவான், லீவு கிடைத்தால் கப்பலேறுவான், கிடைக்காவிட்டால் கடிதம் எழுதுவான்.

ஆகவே இந்த மக்களின் கலியாணங்களில் வாழ்த்துரை என்பது பெரும்பாலும் நேரில் பேசப்படவில்லை. அது தபாலில் அல்லது தந்தியில் போயிற்று. இந்தியத் தந்தி இலாகா வாழ்த்துத் தந்திகளுக்கென்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. தயாராக எழுதப்பட்ட வாசகங்களுக்கு எண்கள் கொடுக்கப்பட்டிருந்தன. அனுப்புபவர் எண்ணை மட்டும் குறிப்பிட்டால் போதும், மறுமுனையில் அந்த எண்ணுக்குரிய வாசகம் அச்சாகிக் கையில் கிடைக்கும். நீண்ட இனிய மணவாழ்க்கைக்கு வாழ்த்து என்பது எட்டாம் எண். எல்லோருக்கும் ஒரே வாசகம், அதுவும் ஆங்கிலத்தில். தமிழ்நாட்டுக் கலியாண வீடுகளில் இந்தத் தந்திகளை ஒருவர் எழுந்து நின்று ஒவ்வொன்றாக வாசிப்பது வழக்கமாக இருந்தது. கூட்டம் வாசகத்தைக் கவனிக்காது, அனுப்பியவரின் பெயருக்காகத்தான் காத்திருக்கும். வர முடியாதவன் வந்ததற்குச் சமம் என்று அந்தப் பெயர் மட்டும் மனதில் நின்றது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. ஆனால் எட்டாம் எண் சாகவில்லை. நமது மண்டபங்களில் ஒலிவாங்கி பிடிக்கும் பலர் இன்றும் அதைத்தான் தமிழில் பேசுகிறார்கள்.

வர முடியாத அண்ணனின் துயரத்தைத் தமிழ்ச் சினிமா அறியும். 1952-இல் வெளியான ‘பராசக்தி’ படத்தின் கதை ரங்கூனில் வாழும் மூன்று சகோதரர்களில் இருந்துதான் புறப்படுகிறது. மதுரையில் தங்கை கல்யாணிக்குத் திருமணம். யுத்த காலம் என்பதால் ஒருவருக்கு மட்டுமே கப்பலில் இடம் கிடைக்கிறது. அவனும் உரிய நாளில் போய்ச் சேர முடியவில்லை. அண்ணன்மார் யாரும் நின்று வாழ்த்தாத ஒரு கலியாணத்தில் இருந்துதான் அந்தக் குடும்பத்தின் சீரழிவு முழுவதும் தொடங்குகிறது. கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்துக்காகவும் சிவாஜி கணேசனின் நடிப்புக்காகவும் நாம் அந்தப் படத்தை நினைவு வைத்திருக்கிறோம். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கோ அது தங்கள் வீட்டுக் கதை. இன்று விசா மறுக்கப்பட்ட அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் அது புதிதான கதையல்ல.

3

வாழ்த்துரையின் மிகப் பழைய தமிழ்ச் சான்று அகநானூற்றில் இருக்கிறது. நல்லாவூர் கிழார் பாடிய 86-ஆம் பாடல் ஒரு திருமணத்தை விவரிக்கிறது. உளுந்து சேர்த்த பொங்கல், மணல் பரப்பிய பந்தல், விடியற்காலை. புரோகிதரோ தீயோ அங்கே குறிப்பிடப்படவில்லை. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடிநின்று, பூவும் நெல்லும் கலந்த நீரை மணமகளின் தலையில் ஊற்றி வாழ்த்துகிறார்கள். கற்பில் தவறாமல், நன்மைகள் பல செய்து, கொண்டவன் விரும்பும் துணையாக இரு என்பது அந்த வாழ்த்தின் பொருள். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லும் தகுதி வாழ்க்கையை நடத்திப் பார்த்த பெண்களுக்கே இருந்தது.

அதன் குறையையும் சொல்லத்தான் வேண்டும். வாழ்த்து முழுவதும் பெண்ணை நோக்கியே போகிறது. ஆணுக்கு ஒரு சொல்லும் இல்லை. இரண்டாயிரம் வருடங்களாகியும் நாம் மாற்றிக்கொள்ளாதது இந்தக் குறையைத்தான். மாற்றிவிட்டதோ அந்தப் பாடலின் நல்ல அம்சங்களை: சுருக்கம் போயிற்று, பெண்கள் பேசுவதும் போயிற்று.

சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலிலும் பெண்களே கண்ணகியையும் கோவலனையும் வாழ்த்துகிறார்கள். இருவரும் பிரியாதிருக்கவேண்டும் என்பதே அவர்கள் கேட்பது. அதற்குப் பின்னர் நடந்தது நமக்குத் தெரியும். வாழ்த்து எதையும் தடுத்துவிடாது என்று தெரிந்த ஒரு புலவர்தான் காவியத்தின் வாசலிலேயே அந்த வாழ்த்தை வைத்திருக்கிறார். அது பலிக்காமற் போனதால் பொய்யாகிவிடவில்லை. ஊரார் என்ன வேண்டிநின்றார்கள் என்பதற்கு அது சாட்சியாக நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் நமக்குத் தெரிந்த வடிவம் வாழ்த்துமடல். உள்ளூர் வாத்தியாரோ புலவரோ எழுதி, அச்சகத்தில் கொடுத்து, கண்ணாடிச் சட்டமிட்டு, மேடையில் வாசித்துக் கையளிப்பார்கள். கவிதை என்று பார்த்தால் அவற்றிற் பல தேறமாட்டா. எதுகைக்காக மணமகன் சந்திரனாகவும் மணமகள் தாமரையாகவும் ஆகியிருப்பார்கள். ஆனால் அதற்குள் தாய் தகப்பன் பெயர் இருக்கும், இரண்டு ஊரும் இருக்கும், திகதி இருக்கும், வாழ்த்தியவர் யார் என்பதும் இருக்கும். இடம்பெயர்ந்து ஓடியபோது சுவரில் தொங்கிய அந்தச் சட்டங்களை எவரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. இன்று ஒரு குடும்பத்தின் வேரைத் தேடுபவருக்கு அந்தச் சுமாரான கவிதைகளில் ஒன்று கிடைத்தால் அது பெரிய ஆவணம்.

4

வாழ்த்துரை திருமணத்தின் மையத்துக்கு வந்தது சுயமரியாதை இயக்கத்தின் காலத்தில். பெரியார் நடத்திய முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்லப்படுவது 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் நடந்தது. அடுத்த ஆண்டு, 1929 பெப்ரவரியில், செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்கள் தமது துணையைத் தாமே தெரிந்துகொள்ளவும் வேண்டாதபோது விலகவும் உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. புரோகிதரை நீக்கினார்கள், மந்திரத்தை நீக்கினார்கள், நல்ல நேரம் பார்ப்பதை நீக்கினார்கள். அப்படி நீக்கப்பட்ட இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி வந்தபோது, பேச்சை வைத்தார்கள்.

தலைமை வகிப்பவர் பேசுவார். மணமக்கள் எழுந்து நின்று ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொல்வார்கள். மாலை மாற்றிக்கொள்வார்கள். வந்தவர்கள் வாழ்த்திப் பேசுவார்கள். முன்னர் விளங்காத மொழியில் ஓதப்பட்ட இடத்தில் இப்போது எல்லோருக்கும் விளங்கும் மொழியில், ஏன் இந்தக் கலியாணம் இப்படி நடக்கிறது என்று விளக்கப்பட்டது. அகநானூற்றுப் பெண்களின் வாழ்த்தில் இல்லாத ஒன்று இங்கே வந்தது: மணமகனையும் நோக்கிப் பேசினார்கள். மனைவி வேலைக்காரி அல்ல, நண்பன் என்று நினைத்து நடந்துகொள் என்ற பொருளில், மாமன் மச்சான் எல்லோரும் கேட்டிருக்க, ஓர் ஆணுக்கு ஊர் நடுவே புத்தி சொல்லப்பட்டது. பெரியாரின் கலியாணப் பேச்சுகள் ‘வாழ்க்கைத் துணைநலம்’ என்ற பெயரில் நூலாகவும் வந்தன.

‘குடி அரசு’ கடல் கடந்த தமிழரிடையேயும் வாசிக்கப்பட்ட பத்திரிகை. பெரியார் 1929 இறுதியில் மலாயா சென்றார். 1954 டிசம்பரில் ரங்கூனில் நடந்த உலக பௌத்த மாநாட்டுக்கும் சென்றார். அங்கேதான் அம்பேத்கரைச் சந்தித்துப் பேசினார். அதன் பின் மறுபடியும் மலாயா போனார். இவ்வளவு தூரப் பயணங்களுக்கு ஒரு காரணம், தாயகத்தில் சாதி உறவுகளின் பிடிக்குள் செய்யத் துணியாததை வெளிநாட்டில் தமிழர் துணிந்து செய்வார்கள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்று, சாதியைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்து விமானம் ஏறிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பேச்சுகளின் மறுபக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. திராவிட இயக்கம் வளர வளரக் கலியாண மேடை அரசியல் மேடையாயிற்று. தேர்தலும் மாற்றுக்கட்சியும் பேசப்பட்டன. பேச்சாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், சோறு ஆறிக்கொண்டிருந்தது. மணமக்களை வாழ்த்துவது கடைசி இரண்டு வரியாகச் சுருங்கியது. நமது மண்டபங்களில் சங்கத் தலைவர்கள் பேசும் முறை அங்கிருந்துதான் வந்து சேர்ந்தது. அந்த மேடையின் நீளத்தை நாம் எடுத்துக்கொண்டோம், அதன் துணிவை விட்டுவிட்டோம்.

5

இப்படிப் பேச்சாலும் மாலையாலும் நடந்த கலியாணம் சட்டப்படி கலியாணமா என்ற கேள்வி சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1953-இல், தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில், இந்துச் சட்டம் வேண்டும் சடங்குகள் நடைபெறாததால் அது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. கால் நூற்றாண்டாக ஆயிரக்கணக்கானோர் செய்துகொண்ட திருமணம் இதனால் கேள்விக்குள்ளானது. ஊர் கூடிக் கேட்ட பேச்சை நீதிமன்றம் சடங்காக ஏற்கவில்லை.

இதே வேளையில் அலோனில் ஒரு தமிழரும் ஒரு பர்மியரும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1898-ஆம் ஆண்டின் பர்மாச் சட்டங்கள் சட்டத்தின் கீழ், திருமணம் வாரிசுரிமை போன்றவற்றில் இந்துவுக்கு இந்துச் சட்டம், பௌத்தருக்குப் பௌத்த வழக்குச் சட்டம். பர்மிய பௌத்த வழக்கின்படி கலியாணத்துக்குச் சடங்கு கட்டாயமில்லை. இருவரும் மனமொத்துச் சேர்ந்து வாழ்வதும், அவர்கள் கணவன் மனைவி என்று அக்கம்பக்கத்தார் அறிந்திருப்பதும் போதும். பௌத்த பிக்குகள் திருமணம் செய்துவைப்பதில்லை. வசதியுள்ள பர்மியர் வீடுகளில் சடங்கு வைப்பதுண்டு. அப்போது சடங்கு நடத்துபவர் மணமக்களின் கைகளைச் சேர்த்து வெள்ளைத் துணியால் சுற்றி, வெள்ளிக் கிண்ணத்து நீரில் அமிழ்த்துவார், சங்கு ஊதப்படும், மந்திரம் சொல்லப்படும். அது அரசவைப் பிராமணரிடமிருந்து வந்த மரபு. ஆனால் அந்தச் சங்கு ஊதப்படாவிட்டாலும் கலியாணம் கலியாணம்தான். ஒரே சுவரின் ஒரு பக்கத்தில் அயலவரின் அறிவு போதுமாயிருந்தது, மறுபக்கத்தில் அக்கினியும் ஏழடியும் வேண்டியிருந்தன.

தமிழ்நாட்டில் இந்த முடிச்சு 1967-இல் அவிழ்க்கப்பட்டது. அண்ணா முதலமைச்சரானதும் கொண்டுவந்த திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர், அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் இருவரும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், தாலி கட்டினால் போதும். முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின. 2023-இல் இந்திய உச்சநீதிமன்றம், இத்திருமணத்துக்கு ஊரறியக் கூட்டம் கூட்ட வேண்டுமென்பதில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

அந்தச் சட்டப் பிரிவில் ஒரு நிபந்தனையை நாம் கவனிக்க வேண்டும். மணமக்கள் சொல்லும் அந்தச் சொல் எந்த மொழியிலும் இருக்கலாம், ஆனால் அவர்கள் இருவருக்கும் விளங்கும் மொழியாக இருக்கவேண்டும். தமிழ் என்றுகூடச் சட்டம் சொல்லவில்லை. தமிழுக்காகவே வாழ்ந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் எழுதிய சட்டம் அது.

6

சாட்சிகள் சிதறினால் என்ன ஆகும் என்பதைப் பர்மாத் தமிழர் இரண்டு தடவை கண்டார்கள். 1941 டிசம்பர் 23-ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டுபோட்டன. அடுத்த சில மாதங்களில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வெளியேறினார்கள். பெரும்பாலோர் காட்டு வழியாக நடந்தார்கள், பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தார்கள். ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் நடந்தே இந்தியா சேர்ந்தவர். அந்தப் பயணத்தை அவர் நூலாக எழுதியிருக்கிறார்.

இரண்டாவது தடவை குண்டு போடப்படவில்லை. 1962 மார்ச்சில் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் நிறுவனங்களும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. அந்தத் தசாப்தத்தில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர் கப்பலேறினார்கள். கொண்டுபோகக்கூடிய பணத்துக்கும் நகைக்கும் கடுமையான வரம்பு இருந்தது. கழுத்துத் தாலியும் நகைக் கணக்கில் எடுக்கப்பட்டது என்பது திரும்பியோர் பலரும் சொல்லிவந்த நினைவு. சென்னை பர்மா பஜாரிலும், தமிழ்நாட்டின் பல ஊர்களில் எழுந்த பர்மா காலனிகளிலும், மணிப்பூர் எல்லையில் மோரேயிலும் அவர்கள் மறுபடி தொடங்கினார்கள். தாலி போய், புகைப்படம் போய், வீடும் போன பின் ஒரு கலியாணத்தில் மிஞ்சுவது அன்று வந்திருந்தவர்களின் நினைவுதான். அவர்களும் வெவ்வேறு ஊர்களுக்குப் போயிருப்பார்கள்.

பர்மாவிலேயே தங்கிவிட்டவர்களுக்கு வேறு விதமான இழப்பு. 1965-இல் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. ‘ரசிக ரஞ்சனி’ போன்ற தமிழ்ப் பத்திரிகைகள் வெளிவந்த நகரத்தில் தமிழ் அச்சு ஓய்ந்தது. தமிழ் எழுத்து கோயில் வகுப்புகளை அண்டி வாழ்ந்தது. பேரப்பிள்ளைகளின் தலைமுறையில் பலருக்குப் பர்மிய மொழியே முதல் மொழி. தாத்தா தமிழில் வாழ்த்துகிறார், பேத்தி பர்மிய மொழியில் நன்றி சொல்கிறாள். அலோனில் நடந்த இந்த மாற்றம் ஒஸ்லோவில் நமக்கு ஒரே தலைமுறையில் நடந்துவிட்டது.

சாட்சி என்பது நமக்கு வெறும் உவமையுமல்ல. கணவனையோ மனைவியையோ கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ அழைக்க விண்ணப்பித்த எவருக்கும் இது தெரியும். கலியாணம் உண்மையானது என்று நிரூபிக்க அழைப்பிதழையும் அல்பத்தையும் வந்தவர்களின் விபரத்தையும் குடிவரவு அதிகாரியின் மேசையில் வைக்கவேண்டியிருக்கிறது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ பாங்கொக்கிலோ, இரு வீட்டாரில் பாதிப்பேர் இல்லாமல் நடந்த கலியாணங்கள் நம்மிடம் எத்தனை! அந்த மண்டபத்தில் யார் எழுந்து, இந்த இருவரையும் எனக்கு இவ்வாறு தெரியும் என்று சொன்னார் என்பது ஒரு நாள் வழக்குக்கே உதவக்கூடும். உதவாவிட்டாலும், அந்த இருவருக்கும் உதவும்.

7

இந்த வரலாற்றிலிருந்து, அடுத்த கலியாணத்தில் பேச அழைக்கப்படும் நம்மில் எவருக்கும் பயன்படக்கூடிய சில முடிவுகளை எடுக்கலாம்.

முதலாவது, எட்டாம் எண் தந்தியைப் பேசாதிருப்பது. எந்த மணமக்களுக்கும் பொருந்தும் பேச்சு எவருக்கும் நினைவிராது. வேறு எவரும் சொல்ல முடியாத, நாம் மட்டும் கண்ட ஒரு செய்தியோடு தொடங்க வேண்டும். அவன் பதின்மூன்று வயதில் குளிரில் பத்திரிகை போட்டுச் சேர்த்த பணத்தில் தம்பிக்குச் சைக்கிள் வாங்கினான் என்றால், அது பதினாறு செல்வங்களையும் விடப் பெரிது. குறள் சொல்லத்தான் வேண்டுமென்றால், அந்தக் குறள் இந்த இருவருக்கு ஏன் பொருந்துகிறது என்றும் சொல்லவேண்டும்.

இரண்டாவது, விளங்கும் மொழி. மணமக்களில் ஒருவர் தமிழ் அறியாதவராகவோ அரைகுறையாக அறிந்தவராகவோ இருந்தால், தமிழில் இரண்டு நிமிடம், அவர் மொழியில் இரண்டு நிமிடம். நமது நோர்வேஜிய மொழியில் பிழையிருந்தால் இருக்கட்டும். பிழையோடு நேராகத் தன்னிடம் பேசப்பட்ட சொல்லை அந்த மருமகளோ மருமகனோ மறக்கமாட்டார். தமிழ் அழிந்துவிடும் என்று அஞ்சுபவர்கள், விளங்காத தமிழ் மந்திரத்தின் இடத்துக்குப் போய்விடுவதைப் பற்றித்தான் அதிகம் அஞ்சவேண்டும்.

மூன்றாவது, இருவரையும் நோக்கிப் பேசுவது. விட்டுக்கொடு, பொறுத்துப்போ என்ற அறிவுரை ஒருவருக்குச் சொல்லப்பட்டால் மற்றவருக்கும் அதே வாக்கியத்தில் சொல்லப்படவேண்டும். சீதனத்தையும் நிறத்தையும் பழைய காதல்களையும் தொட்டு வரும் பகிடிகளால் மண்டபம் சிரிக்கும், ஆனால் ஒரு வீடு அழும்.

நான்காவது, பெண்களைப் பேசவிடுவது. நல்லாவூர் கிழார் பாடிய கலியாணத்தில் வாழ்த்தியவர்கள் பெண்கள் நால்வர். நமது கலியாணங்களில் சங்கத் தலைவர் பேசுகிறார், பெற்ற தாய் பேசுவதில்லை. அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ ஒரே ஒரு வாக்கியம் கேட்டு வாங்கலாம். மணமக்களும் பேசவேண்டும். 7-அ பிரிவின்படி மணத்தை உண்டாக்கும் சொல் அவர்களுடையது, நமதல்ல.

ஐந்தாவது, வராதவர்களின் பெயர். இதில் அளவு வேண்டும். இழப்புகளைப் பட்டியலிட்டால் கலியாண வீடு செத்தவீடாகிவிடும். முழுக்க மறைத்தாலோ எல்லோர் மனதிலும் இருப்பது சொல்லப்படாமற் போய்விடும். ஒருவரை, ஒரு ஊரை, ஒரு சொல்லைக் கொண்டுவந்தால் போதும். எடுத்துக்காட்டாக, ஒரு மாமா இப்படிப் பேசலாம்:

“பிள்ளையள், உங்கட அம்மம்மா இண்டைக்கு இஞ்ச இல்லை. நெல்லியடியில இருக்கிறா. விசா குடுக்கேல்லை. நேற்று ராத்திரி ரெலிபோனில என்னட்டை ஒண்டு சொல்லிவிட்டவ. ‘சண்டை பிடிச்சாலும் பிடிக்கட்டும், சாப்பிடாமல் மட்டும் படுக்க வேண்டாமெண்டு ரெண்டு பேரிட்டையும் சொல்லு’ எண்டு. அதைச் சொல்லத்தான் நான் வந்தனான். சொல்லிப்போட்டன். நல்லா இருங்கோ.”

ஒரு நிமிடம்கூட ஆகாது. இதற்குள் சாட்சி இருக்கிறது, வராதவர் இருக்கிறார், இருவருக்கும் பொதுவான அறிவுரை இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. அகநானூற்றுப் பெண்கள் நால்வரும் கேட்டால் ஒப்புக்கொள்வார்கள்.

ஆறாவது, எழுதிக் கொடுப்பது. பேசியதை ஒரு தாளில் எழுதி, திகதியும் இடமும் இட்டு, வாழ்த்தியவர் இன்னார், இன்ன ஊர், மணமக்களுக்கு இன்ன முறை என்று ஒப்பமிட்டுக் கையில் கொடுக்கலாம். பழைய வாழ்த்துமடல் செய்த வேலை அதுதான். கண்ணாடிச் சட்டம் வேண்டாம், சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மடித்து வைக்கக்கூடிய தாளாக இருக்கட்டும். பிற்காலத்தில் அவர்களின் பேத்தி எந்த மொழி பேசுபவளாக இருந்தாலும், யாரையாவது கொண்டு அதை வாசிப்பித்துத் தெரிந்துகொள்வாள்: இந்த இருவரும் இன்ன நாளில் இன்ன நகரத்தில் ஒருவரையொருவர் ஏற்றார்கள், அதைக் கண்டவர்கள் இருந்தார்கள், வர முடியாமற் போனவர்களும் இருந்தார்கள்.